எல்லா வாளிலும் சிவப்பு நூல்

கோலாப்பூர்
10 அக்டோபர் 1940, இரவு

அம்பாபாய் துணை.

அன்புள்ள துவாரகா அக்காவுக்கு வத்சலாவின் நமஸ்காரம்.

இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. எழுத்து கோணலாக இருந்தால் உஷாவைத் திட்டு. மேலே இரண்டு பல் ஒரே சமயத்தில் கிளம்புகிறது. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மடியில் போட்டு இடது கையால் தட்டிக்கொண்டே வலது கையால் எழுதுகிறேன். பத்து மாதக் குழந்தைக்கு இவ்வளவு சூடு இருக்கலாமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்குக் கூட்ஸ் ஆபீஸில் ராத்திரி முறை மாறிற்றா?

இன்று நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பாய். இவர் கதாநாயகனாக நடிக்கும் 'ஆக்ரி பஹரா'வைப் பற்றி எழுதியிருந்தேனே, கோட்டை வாசலை விடாமல் நின்று சாகிற காவல்காரன் கதை. இன்று நவமி இல்லையா? கம்பெனியில் ஆயுத பூஜை. டைரக்டர் திகம்பர்பந்த் ஆள் அனுப்பிவிட்டார். கதாநாயகனின் மனைவி, கைக்குழந்தைக்காரி, அவள் கையால் மஞ்சள் குங்குமம் விழுந்தால் படத்துக்கு நல்லதாம். பி.ஏ. படித்தவள் வாளுக்குப் பொட்டு வைக்கிறாள் பார் என்று நீ சொல்லப்போவது இங்கேயே கேட்கிறது.

மொத்தம் நாற்பத்து மூன்று வாள். ஆயுத அறையில் சுவருக்குச் சுவர் தொங்கின. பாதி படைத்தலைவர் வம்சத்துச் சர்தார் ஒருவர் வீட்டிலிருந்து இரவல் வந்தவையாம். அறையைப் பார்த்துக்கொள்ளும் சாணைக்காரர் பாபாலால் சாச்சா மகள் பிரசவத்துக்காக மிரஜ் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். பையன்கள் எல்லாவற்றையும் இறக்கி அம்மன் படத்துக்கு முன்னால் ஒரே வரிசையாக அடுக்கிவிட்டார்கள். சில வாள்களின் கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய சிவப்பு நூல் ஒன்று சுற்றியிருந்தது. அருவருப்பாக இருந்தது. கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, நாற்பத்து மூன்றுக்கும் புது நூல் கட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று, ஒரே சிவப்பு. அவ்வளவு அழகு, அக்கா!

திங்கட்கிழமை போர்ப்பாட்டு எடுக்கிறார்கள். "கதவைத் திறக்காதே காவலா, வெளியே நிற்பது விடியல் இல்லை" என்று அர்த்தம் வரும். இவர் பாடிக்கொண்டே நான்கு பேரை வெட்ட வேண்டும். ஒவ்வொருவனும் எந்தத் தாளத்தில் விழ வேண்டும் என்று கணக்கு. மிருதங்கம், ஆர்மோனியம் எல்லாம் அட்டைப் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டு வாரமாக வீட்டில் ஊதுகோலை வைத்துக்கொண்டு வெட்டிப் பழகுகிறார். என் துளசி மாடத்துக்கு இரண்டு காயம்.

என் கடிதங்களையெல்லாம் நீ மாவு டின்னில் சேர்த்து வைக்கிறாய் என்று அத்தான் கேலி செய்து எழுதியிருந்தார். என் கல்யாணத்துக்கு வந்த ரயில் டிக்கெட்கூட அதில் இருக்கிறதாமே! தூக்கிப் போடேன்.

உன் அன்புத் தங்கை
வத்சலா


நாக்பூர்
17 அக்டோபர் 1940

அடி வத்சூ,

ஆசீர்வாதம். நாங்கள் சுகம். முழங்கால் என்னுடையதே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன், அதனால் வலி குறைந்திருக்கிறது. குழந்தைக்கு வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் ஒரு துளி வை. பல் முளைத்து யாரும் செத்ததில்லை. நீ ராத்திரி ராத்திரியாக விழித்து, அதன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராதே. உன்னை எனக்குத் தெரியும்.

வாளுக்கெல்லாம் நூல் கட்டினாயா? சரிதான். காலேஜ் பரீட்சைக்கு முதல் நாள் பேனாவுக்குக் குங்குமம் வைத்தவள்தானே நீ! மாவு டின்னைப் பற்றி வாயைத் திறக்காதே. நான் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறியமாட்டேன். அப்பா செத்த பிறகு அவர் கையெழுத்து ஒன்றுகூட வீட்டில் இல்லாமல் நாம் தேடினோமே, மறந்துவிட்டாயா?

மாப்பிள்ளையின் போர்ப்பாட்டு எப்படி அமைந்தது? பக்கத்து வீட்டுப் பெண்கள் "உங்க தங்கை வீட்டுக்காரர் படம் எப்ப வருது"ன்னு உயிரை எடுக்கிறார்கள். விவரமாக எழுது.

துவாரகா


கோலாப்பூர்
4 நவம்பர் 1940

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

தீபாவளிக்கு எழுதவில்லை, கோபிக்காதே. இங்கே எல்லாரும் சுகம். உஷாவுக்குப் பல் வந்துவிட்டது. வசம்பு கேட்டது.

படப்பிடிப்பில் சின்ன அசம்பாவிதம். எக்ஸ்ட்ரா ஆள் ஒருவன் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான். இவருக்கு ஒன்றுமில்லை. வேலை கொஞ்ச நாள் நின்று மறுபடி நடக்கிறது. நீ கவலைப்படாதே. சக்லி அனுப்பியிருந்தாயே, பாதி உடைந்து வந்தது, ருசி உடையவில்லை.

அத்தானுக்கு என் நமஸ்காரம்.

வத்சலா


நாக்பூர்
9 நவம்பர் 1940

வத்சூ,

ஆசீர்வாதம். நலம் விசாரித்துக்கொள்ளும் பாகம் முடிந்ததாக வைத்துக்கொள்.

குதிரை எங்கேயிருந்து வந்தது? நாக்பூருக்குப் பேப்பர் வராது என்று நினைத்தாயா? அத்தான் நேற்று வாசித்துக் காட்டினார்: கோலாப்பூர் சினிமாவில் வாள் வெட்டு, ஒருவர் சாவு, இரண்டு பேருக்கு விரல் போயிற்று, ஆயுத அறைக்காரர் கைது. பேர் போடவில்லை. வெட்டியது யார்? உன் பன்னிரண்டு வரிக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ பன்னிரண்டு வரி எழுதுகிறவளா? நீ வெந்நீர் வைத்தாலே நாலு பக்கம் எழுதுவாய்.

என்ன நடந்தது என்று எழுது.

துவாரகா


கோலாப்பூர்
26 நவம்பர் 1940

அம்பாபாய் துணை.

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

பொய் எழுதிவிட்டேன். மன்னித்துவிடு. எழுதினால் நடந்ததாகிவிடும் என்று பயம். உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

வெட்டியது இவர்தான். செத்தவன் பெயர் கொண்டிபா. கூட்டக் காட்சி என்றால் கம்பெனி குஸ்திக் கூடத்திலிருந்து ஆள் கூட்டிவரும். அவனும் அவன் தம்பி தாதோபாவும் அப்படி வந்தவர்கள். கொண்டிபா மூன்றாவதாக விழ வேண்டியவன். அவனைப்போல் அழகாக விழுவதற்கு ஆளே கிடையாது என்று இவரே சொல்வார்.

அன்று நானும் போயிருந்தேன். உஷாவுக்கு வேடிக்கை காட்டலாம் என்று. பாபாலால் சாச்சா மிரஜ் ரயிலிலிருந்து நேரே வந்து இறங்கினார். வாசலில் இருபது பேர் வரிசை. "சாச்சா, சீக்கிரம்! வெயில் போகுது! பேரன் மூஞ்சியை அப்புறம் நினைச்சுக்கலாம்!" என்று திகம்பர்பந்த் கத்துகிறார். அவர் எடுத்து எடுத்துக் கொடுத்தார். மைக்கைக் கம்பத்தில் கட்டி உயரத் தூக்கினார்கள். பாட்டு தொடங்கியது. முதல் ஆள் விழுந்தான். இரண்டாமவன் விழுந்தான். மூன்றாவது, தாளம் திரும்புகிற இடத்தில், இவர் வாள் கொண்டிபாவின் கழுத்தோரத்தில் இறங்கியது. அவன் சத்தமில்லாமல் விழ வேண்டும். அவன் "ஆயீ..." என்று கூப்பிட்டான், அக்கா. தன் அம்மாவை. சுருதியோடு கூப்பிட்டதுபோல் இருந்தது, அதுதான் கொடுமை. எல்லாரும் பிரமாதமாக நடிக்கிறான் என்று நினைத்தோம். நான்கூட. உஷாவுக்குக் கைதட்டிக் காட்டினேன்.

காமிரா சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு சரணம் பாக்கி. அது முடியும்வரை அவன் அங்கேயே கிடந்தான், கால் மட்டும் மண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் சண்டையில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். அதையும் நடிப்பு என்றே நினைத்தார்கள். திகம்பர்பந்த் "கட்" சொல்லிவிட்டு "பலே!" என்றார். தாதோபா அண்ணனைத் தூக்கினான். தலை ஒரு பக்கமாகப் போயிற்று. மண் முழுக்க ஈரம்.

சண்டைக்கு மழுங்கல் வாள்தான் கொடுப்பார்களாம். அன்று கூர் வாள்கள் கலந்துவிட்டன. சாச்சாமேல் கேஸ். ஜாமீனில் வந்தவரை, போன வியாழக்கிழமை பட்டறையிலேயே வளைத்துக்கொண்டார்கள். குஸ்திக்காரர்கள் எட்டுப் பேர். வலது கையைப் பட்டறைக் கல்மேல் விரித்துவைத்து, அவருடைய சுத்தியலாலேயே, ஒவ்வொரு விரலாக. தாதோபா எண்ணினானாம், குஸ்திக் கூடத்தில் தண்டால் எண்ணுவதுபோல. "இந்தக் கைதானே எடுத்துக் குடுத்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். பெருவிரலைக் கடைசிக்கு வைத்திருந்தானாம். போலீஸ்காரர் வெற்றிலைக் கடையில் நின்றிருந்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பால் குறைந்துவிட்டது. உஷா கடித்து இழுக்கிறாள், ரத்தம் வருகிறது.

உடனே எழுத வேண்டாம். எனக்குப் பதில் படிக்கப் பயமாக இருக்கிறது.

வத்சலா


நாக்பூர்
1 டிசம்பர் 1940

வத்சூ, என் செல்லமே,

ஆசீர்வாதம். உட்கார்ந்து படி. கதவைச் சாத்திக்கொண்டு படி.

உன் கடிதத்தை அத்தானுக்குக் காட்டவில்லை. படித்து முடித்ததும் எழுந்து போய் மாவு டின்னைத் திறந்தேன். நவமியன்று நீ எழுதியதை எடுத்தேன். பழைய நூலை வெட்டினேன், நாற்பத்து மூன்றுக்கும் புது நூல் கட்டினேன் என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. அந்த அழுக்கு நூல் எதற்குக் கட்டியிருந்தது, வத்சூ? மழுங்கல் வாள் எது என்று தெரிவதற்குத்தானே? நீ எழுதவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் என்றைக்கோ புரிந்திருக்கிறது. அதனால்தான் குதிரை வந்தது.

அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ இதைப் போடு.

நன்றாகக் கேள். நீ வேண்டுமென்று செய்யவில்லை. உன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. இப்போது நீ வாயைத் திறந்தால் செத்தவன் எழுந்து வரப்போவதில்லை, அந்தக் கிழவர் விரல் முளைக்கப்போவதில்லை. எட்டுப் பேர் உன் வாசலுக்கு வருவார்கள், அவ்வளவுதான். கிழவரின் கையை அப்படிச் செய்தவர்கள் உன் கையை என்ன செய்வார்கள்? அந்தக் கையில் ஒரு குழந்தை இருக்கிறது.

வெந்தயக் கஞ்சி குடி, பால் ஊறும். வாயை மூடு.

உன் அக்கா


நாக்பூர்
15 ஜனவரி 1941

அன்புள்ள வத்சலா,

ஆசீர்வாதம். ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சங்கராந்திக்கு எள்ளுருண்டை அனுப்பியிருக்கிறேன். கசப்பை மறந்து இனிப்பாகப் பேசு என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். நீ பேசினாலே போதும் எனக்கு.

நான் கடுமையாக எழுதிவிட்டேனா? தினமும் தபால்காரனை வாசலிலேயே பிடித்துக்கொள்கிறேன். "அக்கா, நானா எழுத முடியும்?" என்கிறான்.

துவாரகா


கோலாப்பூர்
2 பிப்ரவரி 1941

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

எள்ளுருண்டை வந்தது. உஷா நடக்கிறாள். இவர் சுகம். 'ஆக்ரி பஹரா' வெள்ளிக்கிழமை வெளியாகிறது. அந்தக் காட்சியை வெட்டவில்லை.

வத்சலா


நாக்பூர்
12 மார்ச் 1941

வத்சூ,

ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுப் படம் பார்த்தேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரிகள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாட்டு வந்தது. அவன் விழுந்தான். "ஆயீ" என்றான். உடனே தரை டிக்கெட்டிலிருந்து விசில், காசு மழை, "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று நாற்காலியைத் தட்டுகிறார்கள். ஆபரேட்டர் ரீலைச் சுற்றி மறுபடி போட்டான். அவன் மறுபடி செத்தான். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளி, "பாருங்கக்கா, என்ன நடிப்பு! அப்படியே உசுரு போற மாதிரி!" என்றாள். நான் வெளியே போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம், "விசேஷமா?" என்று கேட்கிறாள். எனக்கு நாற்பத்தொன்று!

இன்னொன்றையும் பார்த்தேன். மாப்பிள்ளை முகத்தை. வாள் இறங்கின நொடியில் அவர் கண் கீழே போகிறது, வத்சூ. போய்விட்டு மேலே வருகிறது. வந்து, அடுத்த வரியைப் பாடுகிறார். நான் கண்டது சரியா? வேண்டாம், எழுதாதே.

கேஸ் என்ன ஆயிற்று? நீ வாயை மூடிக்கொண்டுதானே இருக்கிறாய்?

துவாரகா


கோலாப்பூர்
6 ஏப்ரல் 1941, இரவு

அன்புள்ள துவாரகா அக்காவுக்கு வத்சலாவின் நமஸ்காரம்.

மறுபடியும் அகாலம். மறுபடியும் மன்னிப்பு. முகம் இன்னும் எரிகிறது, வலது கண் சரியாகத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். உன் முழங்காலையும் அத்தானையும் இந்த ஒரு தடவை கேட்காமல் விடுகிறேன். நீ கேட்டதற்கெல்லாம் பதில் இதில் இருக்கிறது.

நீ கண்டது சரி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவர் குளித்தார், மூன்று தடவை குளித்தார். நான் நூல் விஷயத்தைச் சொல்லி அழுதேன். போலீஸ் விசாரணையில் சாச்சா, "சிவப்பு நூல் இருந்தா மழுங்கல், இல்லாட்டி கூரு. நான் நூலைப் பார்த்தேன் சாஹேப், விரலை வெச்சுப் பார்க்கல. அது என் தப்புத்தான்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். இவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சுது, வத்சலா. இறங்கினப்பவே கையில தெரிஞ்சுது. மழுங்கல் வாள் பட்ட மாதிரி இல்ல, வேற மாதிரி. ஆனா சுருதி அன்னிக்கு அப்படி அமைஞ்சிருந்துச்சு. நிறுத்தினா இன்னொரு தடவை அது வராதுன்னு தோணிச்சு." சொல்லிவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நானும் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஆறு மாதமாக உனக்கு எழுதாமல் வைத்திருந்தது இதைத்தான்.

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கோர்ட்டில் கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, மிரஜ் போகுமுன் சாச்சாவே எல்லா வாளுக்கும் நூல் கட்டிவிட்டுப் போனார் என்று சத்தியம் செய்கிறார்கள். நான் பூஜைக்கே வரவில்லையாம். பூசாரியும் அப்படியே சொல்லிவிட்டார். சாச்சா மறுக்கவில்லை. சப்பாத்திக் கட்டைபோல் வீங்கி விறைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் கட்டினேனோ என்னமோ, வயசாச்சு" என்கிறாராம். மற்றவர்கள் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். இரண்டு வருஷம் உள்ளே போட்டால் திரும்பி வரமாட்டார்.

அப்போதுகூட நான் பேசவில்லை. பேச வைத்தது உஷா.

தெருவில் எல்லாப் பையன்களும் கட்டையை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைத்தான் விளையாடுகிறார்கள். விழுகிறவன் "ஆயீ..." என்று இழுக்க வேண்டும். யார் நன்றாக இழுக்கிறானோ அவனுக்கு அடுத்த ஆட்டத்தில் வாள். உஷா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்தாள். இத்தனை நாள் எனக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. "பா" என்பாள், "மம்" என்பாள், என்னை ஒன்றும் சொல்லமாட்டாள். போன மாதம் ஒரு நாள் முதல் முறையாக என்னைக் கூப்பிட்டாள். அதே இழுப்பு, அக்கா. அதே சுருதி. இப்போது தினமும் இருபது தடவை கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் கால் மண்ணைத் தேய்க்கிறது.

இவரிடம் சொன்னேன், கோர்ட்டில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. கை ஓங்கினார். ஓங்கியதோடு நிற்கவில்லை. காதில் இரண்டு நாள் வண்டு ரீங்காரம். "பால் குடுத்துக் குடுத்து மூளை கலங்கிப்போச்சுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குவேன்" என்றார். மறுநாள் காலை வழக்கம்போல் தம்புராவை எடுத்துவைத்துச் சாதகம் செய்தார். குரல் நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் உஷாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு குஸ்திக் கூடத்துச் சந்துக்குப் போனேன். கொண்டிபாவின் மனைவி சகூபாய் வாசலில் உட்கார்ந்து மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்துக்கு நேர் பின்னால்தான் கொட்டகை. "வா, நாயகன் பொண்டாட்டி" என்றாள். "படம் பார்க்க வந்தியா? எனக்கு டிக்கெட் வேணாம். இங்கேருந்தே கேக்கும். என் புருஷன் தினம் மூணு ஆட்டம் சாகுறான். ஞாயித்துக்கிழமை நாலு."

நான் சொன்னேன். நின்றபடியே, நூலை வெட்டியதிலிருந்து எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தினால் தொடரமாட்டேன் என்று பயந்து மூச்சு விடாமல் சொன்னேன். அவள் உலக்கையை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் நாலு குத்துக் குத்தினாள். பிறகு எழுந்து வந்து மிளகாய்க் கையோடு என் முகத்தில் அறைந்தாள். ஒரு பக்கம், மறு பக்கம். முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்து, அந்தக் கையைக் கண்ணில் வைத்துத் தேய்த்தாள். எனக்கு உலகமே நெருப்பு. உஷாவைக் கீழே விட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் நினைவு. தாதோபா குஸ்திக் கூடத்திலிருந்து ஓடி வருகிற சத்தம் கேட்டது. "என்ன அண்ணி? யாரு இவ?"

அப்போது உஷா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். "ஆயீ..." என்று.

சகூபாயின் கை நின்றது. தாதோபாவின் காலும் நின்றது. எனக்குக் கண் தெரியவில்லை. யாரோ உஷாவை என் இடுப்பிலிருந்து எடுத்தார்கள். யாரோ என் முகத்தைக் குனிய வைத்து மோர் ஊற்றிக் கழுவினார்கள். கழுவுகிற கையிலும் காரம் இருந்தது. "கண்ணை மூடிக்காதே, தொற" என்று சகூபாய்தான் அதட்டினாள்.

பிறகு கேட்டாள்: "வெட்டு விழுந்தப்புறம் எம்மா நேரம் உசுரு இருந்துச்சு?"

"ரெண்டு சரணம்" என்றேன்.

"அவருக்குத் தெரியுமா? பாடினவருக்கு?"

அக்கா, அங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நீ தெரியாம நூலு கட்டினே" என்றாள். "பாட்டை நிறுத்தாததுக்கு எவ நூலு கட்டினா?" தாதோபா கையில் எதையோ எடுத்த சத்தம் கேட்டது. அவள் திரும்பாமலே, "கீழ போடுடா. கெழவன் கையை ஒடைச்சு என்னத்தைக் கண்டே? தப்பான கையைத்தானே ஒடைச்சே? இன்னொரு தடவை தப்புப் பண்ண வேணாம். இவ கோர்ட்டுல சொல்லட்டும். சொல்லி முடிக்கிற வரைக்கும் இவ மேலயும் இந்தப் பொடிசு மேலயும் ஒருத்தன் கை படக் கூடாது. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். அப்புறம் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து சாச்சாவின் வக்கீலிடம் போனேன். சின்ன வயசு, கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க சொன்னா உங்க வீட்டுக்காரரே பைத்தியம்னு சொல்வாரு. கம்பெனியில பதினோரு பேர் நீங்க வரவே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கே, சாவுக்கு முன்னாடியே, எழுதின காகிதம் ஏதாவது இருக்கா? தேதி போட்டு?"

இருந்தது, என் அக்கா எரித்துவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அக்கா, நீ எரிக்கவில்லை. அன்று உன் கடிதத்தைப் படித்தபோது நம்பினேன். இப்போது நம்பவில்லை. கிழிந்த ரயில் டிக்கெட்டை எறிய மனசு வராதவள் நீ. அப்பாவின் கையெழுத்து ஒன்றுகூட இல்லையே என்று அழுதவள் நீ. என் கையெழுத்தையா அடுப்பில் போடுவாய்? நான் பயப்படாமல் இருக்கட்டும் என்று அப்படி எழுதினாய். அது மாவு டின்னில்தான் இருக்கிறது. உறையோடு இருந்தால் தபால் முத்திரையும் இருக்கும்.

இவர் பக்கத்து அறையில் தூங்குகிறார். தூக்கத்தில் தாளம் போடுகிறார். நான் இவரை வெறுக்கிறேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தலையைத் தடவிக் கொடுத்தவள் நான்.

வழக்கு மறுபடி இருபத்தோராம் தேதி, திங்கட்கிழமை. அந்தக் கடிதத்தைத் தபாலில் போடாதே, வழியில் தொலைந்துவிடும். நீயே எடுத்துக்கொண்டு வா. திரும்பிப் போகும்போது உஷாவைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி பிடிக்கும், ராத்திரி ஒரு தடவை எழுவாள், தட்டினால் தூங்கிவிடுவாள். உன்னை வேறு எப்படியாவது கூப்பிடக் கற்றுக்கொடு.

எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. சீக்கிரம் பதில் போடு, அக்கா.

வத்சலா